பணியும் பற்றும்

ஒரு நிறுவனம் சம்பளம் கொடுக்கிறது. பணியாளர் உழைப்பைக் கொடுக்கிறார். மாதம் முடிந்து சம்பளம் கைக்கு வந்ததும் இருவருக்கும் இடையே உள்ள கணக்குத் தீர்ந்துவிடுகிறது என்பது உலக வழக்கு. அவ்வாறு தீராத பாக்கி ஒன்று உண்டா? உண்டு எனில் அது யாது? அதை யார், யாருக்குச் செலுத்த வேண்டும்? இவ்வினாக்களையே ஈண்டு நாம் ஆராய முற்படுகிறோம்.

இவ்வினாக்கள் நம் மனத்தில் எழக் காரணமானவர் நம்மிடம் போடிநாயக்கனூரில் பயின்ற ஒரு பெண். பெருநகர் ஒன்றில், வீட்டு உபயோகப் பொருள்கள் தயாரிக்கும் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் அவர் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றினார். பொருள்களின் உறை, பண்டிகை விளம்பரம், நாட்காட்டி, கடை வாசலில் தொங்கும் அட்டை ஆகிய அனைத்தையும் வடிவமைத்தவர்கள் அப்பிரிவினர். ஒரு நாள் அந்தப் பிரிவையே கலைத்துவிட்டு, வேலையை வெளி நிறுவனம் ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் விடுவது என்று முடிவாயிற்று. இரண்டு மாத அவகாசம் தந்தார்கள். அந்த இரண்டு மாதமும், எந்த வண்ணத்தை ஏன் தேர்ந்தார்கள், எந்த ஊரில் எந்தப் படம் எடுபடும், எது எடுபடாது என்பவற்றையெல்லாம் எழுதி வைத்து, புதிதாக வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அவர் நம்மிடம் கூறினார்: "சம்பள பாக்கி எதுவும் இல்லை டீச்சர். நஷ்ட ஈடும் கொடுத்தார்கள். ஆனாலும் என்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போனது போலவே இருக்கிறது. அது என்ன என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை."

அவருக்குச் சொல்லத் தெரியாத அந்த ஒன்றைத் தேடிப் பார்ப்பது பயனுடையது. ஏனெனில் 'அவுட்சோர்சிங்' என்றும் வெளிமுகமை என்றும் இன்று வழங்கும் இம்முறை, பெரிய நிறுவனங்களோடு நின்றுவிடவில்லை. நம் வாசகர்களில் கடையும் ஆலையும் நடத்துவோர் உளர். மாதச் சம்பளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருப்போரும் உளர். இரு சாராரையும் இவ்வினா தொடுகிறது.

கதை இலாகா மூடிய கதை

இது புதிய துன்பம் அன்று. தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. எஸ்.எஸ். வாசன் நடத்திய ஜெமினி ஸ்டூடியோவில் 'கதை இலாகா' என்றொரு பிரிவு இருந்தது. படத்துக்கு வேண்டிய கதை, உரையாடல், பாடல் ஆகியவற்றை ஆக்கும் எழுத்தாளர்களும் கவிஞர்களும் அங்கே மாதச் சம்பளத்தில் இருந்தனர். 'ஔவையார்' படத்தை இயக்கிய கொத்தமங்கலம் சுப்பு அவர்களுள் முதன்மையானவர். நடிகர், தச்சர், ஒப்பனைக்காரர், ஓவியர் எனப் பலரும் ஒரே மதிலுக்குள் பணியாற்றிய காலம் அது. 1948-இல் வெளிவந்த 'சந்திரலேகா' அக்கூட்டுழைப்பின் விளைவு. சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் முதலிய பிற நிறுவனங்களும் எழுத்தாளர்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தன.

அந்த ஜெமினியில் 1952 முதல் 1966 வரை பணியாற்றியவர் எழுத்தாளர் அசோகமித்திரன். செய்தித்தாள்களிலிருந்து துணுக்குகளை வெட்டிக் கோப்பில் ஒட்டுவது அவருக்கு இட்ட வேலை. அவர் ஆங்கிலத்தில் எழுதிய நினைவுகளில் ஒரு பகுதி, பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலிலும் இடம்பெற்றதால் மாணவர் பலர் அறிவர். ஒரு நாள் முதலாளி கதை இலாகாவை மூடிவிட்டார். கவிஞர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அந்த இலாகாவின் கணக்கில் இருந்த வக்கீலும் அவர்களோடு வேலை இழந்தார் என்று அவர் அதில் பதிந்திருக்கிறார். நகைச்சுவையாகச் சொல்லப்பட்ட செய்திதான். ஆயினும் சிரித்து முடித்தபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அந்தக் கவிஞர்கள் அன்று மாலை வீட்டுக்குச் சென்று என்ன சொல்லியிருப்பார்கள்?

பின்னர்த் தமிழ்த் திரையுலகில் கதையும் பாட்டும் படத்துக்குப் படம் பேசி முடிக்கும் ஒப்பந்த வேலையாயின. திறமை மிக்கோர் சிலர் அதனால் பெருஞ்செல்வம் ஈட்டினர் என்பது உண்மை. நடுத்தரத் திறமையும் நிறைந்த உழைப்பும் உடையவர் நிலையான சோற்றை இழந்தனர் என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது அரை உண்மையாகும்.

நிறுவனத்தார் பக்கம்

ஒரு பொருளைப் பல நோக்கில் கண்டு பேசுவதே நம் மரபு. ஆதலின் நிறுவனத்தார் பக்கத்தையும் நேர்மையுடன் காண்போம்.

சந்தையில் எதையும் விலைக்கு வாங்கலாம் எனும்போது, நிறுவனம் என்ற ஒன்று ஏன் ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கிறது என்று 1937-இல் ஒரு கட்டுரையில் கேட்டார் ரொனால்டு கோஸ் என்னும் பொருளியல் அறிஞர். வெளியே ஆளைத் தேடுவதற்கும், விலை பேசுவதற்கும், செய்த வேலையைச் சரிபார்ப்பதற்கும் ஆகும் செலவு, ஆளை உள்ளேயே வைத்துக்கொள்ளும் செலவைவிட மிகுதியாக இருக்குமளவும் வேலை உள்ளே நிற்கும் என்பது அவர் கண்ட விடை. 1991-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தொலைபேசியும் கணினியும் அந்த வெளிச்செலவைக் குறைத்தபோது, உள்ளே நின்ற வேலைகள் ஒவ்வொன்றாக வாசல் தாண்டின. 1989-இல் கோடாக் நிறுவனம் தன் கணினிப் பிரிவை ஐ.பி.எம். நிறுவனத்திடம் ஒப்படைத்ததைப் பலர் இதன் தொடக்கமாகக் குறிப்பிடுவர்.

எனவே வெளியே கொடுப்பதெல்லாம் தீமை எனல் பொருந்தாது. வீட்டில் நெல் குத்திய நாமும் அரைவை மில்லுக்குப் போனோம். நட்டத்தில் நடக்கும் நிறுவனம் ஒரு பிரிவை மூடி மற்றப் பிரிவுகளைக் காப்பதும் உண்டு. ஒரு பிரிவு வெளியே போய்த் தனியாகச் செழித்ததும் உண்டு. இந்தியாவின் புகழ்பெற்ற விளம்பர நிறுவனமாகிய லிண்டாஸ், சோப்பு தயாரிக்கும் லீவர் குழுமத்தின் சொந்த விளம்பரப் பிரிவாகப் பிறந்ததே. அப்பெயரே 'லீவர் இன்டர்நேஷனல் அட்வர்டைசிங் சர்வீசஸ்' என்பதன் முதலெழுத்துச் சுருக்கம். 1939-இல் பம்பாயில் தொடங்கிய அது, பிற்காலத்தில் தனித்து நின்று வேறு பல நிறுவனங்களுக்கும் பணி செய்தது. ஆட்களைக் கலைக்காமல் பிரிவையே தன்காலில் நிற்கச் செய்யும் வழியும் உண்டு என்பதற்கு இது சான்று.

ஆனால் நிறுவனத்தார் சொல்லும் 'தவிர்க்க முடியாத நிலை' என்னும் காரணத்தை மட்டும் அப்படியே ஏற்க இயலவில்லை. அமெரிக்க நாட்டு விளம்பரதாரர் சங்கம் தன் உறுப்பினர்களிடம் நடத்திய ஆய்வுகளை நோக்குவோம். சொந்தமாக விளம்பரப் பிரிவு வைத்திருந்த நிறுவனங்கள் 2008-இல் நூற்றுக்கு 42, 2013-இல் 58, 2018-இல் 78. வெளியே கொடுத்த வேலையை மீண்டும் உள்ளே கொண்டுவருவதே அங்கு வழக்கமாயிற்று. காரணம் கேட்டால் செலவு குறைவு, வேகம் மிகுதி, தம் பொருளைப் பற்றிய அறிவு தம் ஆட்களுக்கே மிகுதி என்கிறார்கள். வெளியே கொடுத்தபோதும் செலவையும் வேகத்தையும்தானே காரணம் காட்டினார்கள்! நாகரிகம் போல மாறி மாறிச் சுழலும் ஒரு சக்கரத்தை இயற்கை விதி என்று சொல்லி, அதன் ஆரக்கால்களில் மனிதர்களைக் கட்டுவது அறமாகாது.

கணக்கில் ஏறாத செல்வம்

இழந்தது எது என்னும் கேள்விக்கு வருவோம். விடையை நம் ஊரிலேயே தேடலாம்.

போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களை நம் வாசகர் பலர் கண்டிருப்பர். ஏலக்காய் ஒரே நாளில் விளைவதில்லை. செடியின் அடியில் தரையோடு கிடக்கும் சரத்தில், பூவும் பிஞ்சும் விளைந்த காயும் ஒருங்கே இருக்கும். பறிப்பவர் குனிந்து, விளைந்ததை மட்டும் கிள்ள வேண்டும். பிஞ்சைப் பறித்தால் உலரும்போது சுருங்கும். பழுக்க விட்டால் வெடிக்கும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்து ஒரு கிலோவாகும். உலர்ந்த காயைச் சல்லடை அளவு பிரித்துத் தரும். ஆனால் நிறம் வெளுத்தது, வெடித்தது, பூச்சி துளைத்தது ஆகியவற்றைப் பொறுக்கி எடுப்பது நெடுங்காலமாகப் பெண்களின் கண்ணும் விரலுமே. இன்று நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. 2007 முதல் ஏலம் கூறுவது கணினி வழியாக நடைபெறுகிறது. அதன் பின்னும் வியாபாரி மாதிரிக் காயைக் கையில் அள்ளிப் பார்த்தே விலை சொல்கிறார். கண்ணறிவும் கையறிவும் அத்தனை எளிதில் எண்ணாக மாறுவதில்லை.

அப்பெண்ணுக்குக் கூலி எதற்குக் கொடுக்கப்படுகிறது? பறித்த காய்க்கு. இருபது ஆண்டுகளில் அவர் கண்ணில் ஏறிய அறிவுக்கு எந்தப் பேரேட்டிலும் பக்கம் இல்லை. அந்த அறிவு வேலை செய்யும்போது வேலையிலிருந்தே விளைந்தது. அதில் முதலாளியின் தோட்டத்துக்கும் பங்குண்டு. அவருடைய முதுகுவலிக்கும் பங்குண்டு.

ஆசிரியப் பயிற்சியில் பாடக்குறிப்போடு துணைக்கருவிகளையும் நாமே செய்யப் பழக்கினார்கள். பூவின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை அட்டையில் வரைந்து வண்ணம் தீட்ட ஓரிரவு கழியும். பிற்காலத்தில் அதைவிட அழகான படங்கள் கடையில் சில ரூபாய்க்குக் கிடைத்தன. பள்ளிகள் வாங்கி மாட்டின. படம் குறைவற்றதே. ஆனால் வரையும்போது, 'இந்தச் சூலகத்தைப் பிள்ளைகள் எதனோடு குழப்பிக்கொள்வார்கள்?' என்று ஆசிரியர் எண்ணிய எண்ணம் கடையில் விற்பனைக்கு இல்லை. பொருளை விலைக்கு வாங்கலாம். பொருளைச் செய்யும்போது செய்தவருக்குள் விளைந்த தெளிவை வாங்க முடியாது. ஒரு நிறுவனம் தன் படைப்புப் பிரிவைக் கலைக்கும்போது இழப்பது இந்த விளைநிலத்தை. பணியாளர் இழப்பதும் இதையே. சம்பளத்தை வேறிடத்தில் பெறலாம். பதினான்கு ஆண்டுகள் ஒரு பொருளோடும் அதை வாங்கும் மக்களோடும் கொண்ட உறவை வேறிடத்தில் பெற இயலாது.

சட்டம் காணாத தொழிலாளி

இவ்விழப்பைச் சட்டம் காண்கிறதா? இங்கே ஒரு விந்தை உண்டு.

1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் 'தொழிலாளி' யார் என வரையறுத்தது. உடலுழைப்பு, திறன் வேலை, தொழில்நுட்ப வேலை, எழுத்தர் வேலை முதலியவற்றைச் செய்வோரை அது பாதுகாத்தது. ஆசிரியர் அதில் அடங்குவாரா என்னும் வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. கல்வி புகட்டுதல் உயர்ந்த தொண்டு. ஆகவே ஆசிரியர் அச்சட்டத்தின்படி தொழிலாளி அல்லர் என 1988-இல் தீர்ப்பாயிற்று. ஆசிரியர்களுக்கு வேறு பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்பதையும் நீதிமன்றம் சுட்டியது. 1991-இல் வேறொரு வழக்கு. சந்தையை ஆராய்வதும் விளம்பரத்துக்கு யோசனை சொல்வதும் கடமையாக இருந்த விற்பனைப் பணியாளர் ஒருவர், கற்பனையும் படைப்பாற்றலும் வேண்டும் வேலையைச் செய்தவர் ஆதலால் தொழிலாளி வரையறைக்குள் வாரார் எனத் தீர்ப்பாயிற்று.

எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. கையால் உழைப்பவனுக்குச் சட்டம் ஒரு குடை பிடித்தது. கருத்தால் உழைப்பவரை, 'நீங்கள் மேலானவர்' என்று வணங்கி மழையில் நிறுத்தியது. மாலையிட்டு மரியாதை செய்துவிட்டுப் பந்தியில் இடமில்லை என்பது போன்றது இது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளிக்குப் பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடு என்னும் பழைய முறையைத் தொடர்கிறது. அவர் புதுத்திறன் பெறுவதற்கென நிறுவனம் மேலும் 15 நாள் ஊதியம் செலுத்தவும் அதில் இடமுண்டு. நல்ல ஏற்பாடே. ஆனால் அது தொழிலாளி என்னும் வாசலுக்குள் நுழைய முடிந்தவருக்கு. படைப்புப் பணி செய்வோர் அவ்வாசலில் நின்று வழக்காட வேண்டிய நிலை முற்றும் நீங்கியதாகக் கூற இயலாது. சட்டம் நிற்குமிடத்தில் அறம் நின்றுவிடலாகாது. சட்டம் ஓய்ந்த இடத்திலிருந்தே அறத்தின் வேலை தொடங்குகிறது.

மூணாறு காட்டிய பாடம்

போடிமெட்டு ஏறிப் பூப்பாறை வழியே சென்றால் மூணாறு. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைப்போரிற் பெரும்பாலோர் தமிழர். டாட்டா டீ நிறுவனம் அத்தோட்டங்களை நேரே நடத்துவதிலிருந்து விலக முடிவு செய்தபோது, தோட்டங்களை அயலார்க்கு விற்றுவிட்டுச் செல்லவில்லை. 2005-இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்னும் புதிய கம்பெனி அமைந்தது. 12,000-க்கு மேற்பட்ட பணியாளர்கள் அதன் பங்குதாரர் ஆயினர்; பெரும்பான்மைப் பங்குகள் அவர்கள் வசம் வந்தன. ஒரு தொழிலிலிருந்து விலகும் முதலாளி, அத்தொழிலை அதில் உழைத்தவர்களிடமே விட்டுச் செல்லலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய முன்மாதிரி நம் மலைப்பகுதியில் இல்லை.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. 2015-இல் போனஸ் பத்து விழுக்காடாகக் குறைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. செப்டம்பர் மாதத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாற்றுச் சாலையில் அமர்ந்தனர். தம் பெயரால் பேசி வந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் அருகில் வர விடவில்லை. 'பெண்கள் ஒற்றுமை' என்னும் பொருளில் 'பெம்பிளை ஒருமை' என அவ்வியக்கம் பெயர் பெற்றது. ஒன்பது நாள் கழித்து, போனஸ் 8.33 விழுக்காடும் கருணைத் தொகை 11.67 விழுக்காடும் சேர்த்து 20 விழுக்காடு என உடன்பாடு ஏற்பட்டது.

பங்குதாரர்களே தம் கம்பெனியை எதிர்த்துச் சாலையில் அமர்ந்தது ஏன்? கூலி போதவில்லை என்பது முதற்காரணம்; அதை மறைத்துப் பேசுதல் தகாது. அதனோடு மற்றொன்றும் உண்டு. பங்குப் பத்திரத்தில் பெயர் இருந்தது. முடிவெடுக்கும் அறையில் குரல் இல்லை. உடைமை என்பது காகிதத்தில் எழுதிக் கொடுப்பதால் மட்டும் வந்துவிடுவதில்லை. 'உன்னைக் கேட்டேன்' என்னும் சொல் இல்லாதபோது, கொடுத்த பங்கும் கொடுக்காததற்குச் சமமாகிவிடுகிறது.

கேளாமல் கொள்வது

நம் மாணவி சொல்லத் தெரியாமல் தவித்த பொருள் இப்போது புலப்படுகிறது. பிரிவை மூடியது ஒரு துன்பம். மூடுவதற்கு முன் ஒரு சொல் கேளாதது அதனினும் பெரிய துன்பம். தமக்குப் பதிலாக வருபவருக்குத் தாமே கற்றுக்கொடுக்க வேண்டும் என்றது துன்பத்தின் உச்சி.

2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆர்லண்டோ நகரில், டிஸ்னி நிறுவனத்தின் கணினிப் பிரிவினர் ஏறக்குறைய 250 பேர் இதே நிலைக்கு ஆளாயினர். தற்காலிக விசாவில் வந்த இந்தியருக்குத் தம் வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டு அவர்கள் வெளியேறினர். அச்செய்தி அந்நாட்டில் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. சம்பளக் குறைவினால் எழுந்த கொந்தளிப்பு அன்று அது. கற்பித்தல் என்னும் புனிதமான செயலைத் தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கும் செயலாக மாற்றியதே அதன் காரணம்.

கற்பித்தலையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட நமக்கு இது நன்கு விளங்கும். அறிவைக் கொடுப்பதால் அறிவு குறைவதில்லை, கொடுப்பவர் மகிழ்கிறார். ஆனால் அது மனமுவந்து கொடுக்கும்போதுதான் தானம். கொடுக்காவிட்டால் இழப்பீடு நிறுத்தப்படும் என்னும் அச்சத்தில் கொடுப்பது தானமாகுமா? நம் அறநூல்கள் களவு என்பதற்குத் தரும் பொருள் மிக நுண்ணியது. பூட்டை உடைத்து எடுப்பது மட்டும் களவன்று. உரியவர் உவந்து கொடாததைக் கொள்வதெல்லாம் களவின்பாற்படும். ஒப்பந்தப்படி அந்த வடிவங்கள் நிறுவனத்தின் சொத்தே, அதில் வழக்கில்லை. வடிவங்களுக்குப் பின்னே நின்ற பகுத்தறிவை, உரியவர் மனங்கசந்து நிற்கும்போது கறந்துகொள்வது கள்ளாமை என்னும் விரதத்துக்கு ஏற்புடையதா என்பதை நிறுவனம் நடத்தும் நம்மவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சினமும் செருக்கும், வஞ்சமும் உலோபமும்

உயிரைக் கட்டும் கசடுகள் நான்கு என்பர் நம் முன்னோர்: சினம், செருக்கு, வஞ்சம், உலோபம். இந்நிகழ்ச்சியில் நான்கும் இரு பக்கமும் பங்கிட்டு நிற்பதைக் காண்கிறோம். வேலை இழந்தவர் பக்கம் சினமும், 'நான் இல்லாமல் நடக்குமா?' என்னும் செருக்கும். நிறுவனத்தின் பக்கம் சிக்கனம் என்னும் பெயர் பூண்ட உலோபமும், கடைசி வாரம் வரை 'எந்த மாற்றமும் இல்லை' என்று சொல்லி வரும் வஞ்சமும்.

இங்கே ஒரு தவறான அறிவுரையைத் தடுத்தாக வேண்டும். 'எல்லாம் பற்றினால் வரும் துன்பம்; வேலையின்மீது பற்று வைக்காதே' என்று வேலை இழந்தவரிடம் சொல்வோர் உளர். பற்றறுத்தல் உயர்ந்த அறம், ஐயமில்லை. ஆனால் அதை ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ள வேண்டும். மற்றொருவருடைய பற்றின்மையால் ஆதாயம் அடைபவர் அதை அவருக்கு உபதேசிப்பது அறமாகாது. பசித்தவனுக்கு உபவாசத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டே தன் இலையில் இன்னொரு கரண்டி இட்டுக்கொள்வதற்கு ஒப்பாகும் அது. மேலும், வேலையைப் பற்றோடு செய்தால்தான் வேலை சிறக்கும் என்று பதினான்கு ஆண்டுகள் பாராட்டியவர்களே, பதினைந்தாம் ஆண்டில் பற்று வைத்தது உன் பிழை என்பது எவ்வகை நீதி?

அதே வேளையில், சினத்தைச் சுமப்பவர் சினத்தால் முதலில் சுடப்படுகிறார் என்பதையும் மறைப்பதற்கில்லை. கோப்புகளை அழித்துவிட்டுப் போவது, தவறான குறிப்பு எழுதி வைப்பது, புதிதாக வந்தவரை அவமதிப்பது ஆகியவை நீதி தேடும் செயல்கள் அல்ல. அவற்றால் முதலாளிக்கு ஒரு வாரத் தொல்லை; செய்தவருக்கோ தம் பதினான்கு ஆண்டு வேலையைத் தம் கையாலேயே கறைப்படுத்திய நினைவு வாழ்நாள் முழுதும். நியாயத்தைக் கேட்க வேண்டும். கூடிக் கேட்க வேண்டும். எழுத்தில் கேட்க வேண்டும். மூணாற்றுப் பெண்கள் கேட்டது போல அமர்ந்தும் கேட்கலாம்.

மறுமுனையில் இருப்பவர்

வெளியே போன வேலை எங்கே போகிறது? 2008-இல் கலிபோர்னியாவின் 'ஆரஞ்ச் கவுன்டி ரிஜிஸ்டர்' என்னும் நாளிதழ், பிரதி திருத்தும் வேலையில் ஒரு பகுதியைச் சோதனையாக இந்திய நிறுவனம் ஒன்றிடம் கொடுத்தது. அங்கே ஒருவர் எழுந்து போன நாற்காலியில் இங்கே ஒருவர் அமர்ந்தார். சென்னையிலும் பெங்களூரிலும் இரவெல்லாம் விழித்திருந்து அயல்நாட்டு வேலை பார்த்த பிள்ளைகளுள் போடி, தேனி, கம்பம் பகுதிப் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் அனுப்பிய பணத்தில் இங்கே மாடி எழும்பியது. தங்கைக்குத் திருமணம் நடந்தது. நாம் மகிழ்ந்தோம். அப்போது கடலுக்கு அப்பால் ஒரு வீட்டில் விளக்கு மங்கியதை நாம் கேட்டறியவில்லை.

ஆகவே புதிதாக வருபவர் பகைவர் அல்லர். அவரும் ஒரு தாயின் பிள்ளை. அவர் நாற்காலிக்கும் நாளை வேறொருவர் வரலாம். ஆளே வராமல் இயந்திரம் வரவும் கூடும். படம் வரையவும் வாசகம் எழுதவும் வல்ல கணினி நிரல்கள் இன்று உள்ளன. 2023-இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, அந்நிரல்களைப் பயன்படுத்துவதற்கு ஒப்பந்தத்தில் வரம்புகள் எழுதி வாங்கினர். கதை இலாகாவை மூடியபோது எழாத கேள்வியை அவர்கள் எழுப்பினர் எனலாம்: 'எங்கள் கருத்தை எங்களைக் கேட்டுக் கொள்க.'

தீராத பாக்கி

தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு விடை கூறும் இடத்துக்கு வந்துள்ளோம். சம்பளத்தால் தீராத பாக்கி உண்டு. அது மூன்று வகைத்து.

முதலாவது, முன்கூட்டிச் சொல்லுதலும் கேட்டலும். முடிவை அறிவிப்பது வேறு. முடிவெடுக்கும் முன் கலப்பது வேறு. செலவைக் குறைக்க வேண்டும் என்றால், குறைக்கும் வழியை அப்பிரிவினரிடமே முதலில் கேட்கலாம். வெளியாருக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தை அவர்களே கூடி எடுத்து நடத்த விரும்பினால் முதல் வாய்ப்பு அவர்களுக்கு உரியது. லிண்டாஸும் கண்ணன் தேவனும் அவ்வழி இயலாததன்று என்பதைக் காட்டுகின்றன.

இரண்டாவது, பெயர். இந்த உறையை வடிவமைத்தவர் இன்னார் என எழுதித் தருவதால் முதலாளிக்கு ஒரு காசும் நட்டமில்லை. அவ்வேலையின் மாதிரியை எடுத்துச் சென்று வேறிடத்தில் காட்டும் உரிமையையும் தர வேண்டும். கூலி பெற்றுக்கொண்ட வேலையாயினும் செய்தவர் இவர் என்னும் உண்மை விற்பனைக்கு உரியதன்று. உண்மையை மறைப்பது பொய்யின் பாற்பட்டதே.

மூன்றாவது, கற்பிப்பதற்குத் தனி மதிப்பு. புதியவருக்குப் பயிற்சி தர வேண்டும் எனில் அதை வேண்டுகோளாக வைக்க வேண்டும். அதற்குத் தனி ஊதியம் தர வேண்டும். மறுப்பவருக்கு உரிய இழப்பீட்டைக் குறைக்கலாகாது. இழப்பீடு கடந்த காலத்துக்கு உரியது. அதைப் பணயமாக வைத்து மற்றொன்றைப் பெறுதல் கடன்பட்டவன் கடன் கொடுத்தவரை மிரட்டுவதாகும்.

பணியாளருக்கும் ஒரு பாக்கி உண்டு. தம் திறமை அந்த நாற்காலியில் இல்லை, தம்மிடமே உள்ளது என்பதை மறவாதிருத்தல் அது. நாற்காலியின்மீது கொண்ட பற்றை விடலாம். கலையின்மீது கொண்ட அன்பை விட வேண்டியதில்லை. முன்னது கட்டு, பின்னது கைப்பொருள்.

இவையெல்லாம் பெருநிறுவனங்களுக்குச் சொல்லும் புத்தி என்று நம் வாசகர் ஒதுங்க வேண்டா. கடையில் முப்பது ஆண்டு பேரேடு எழுதிய கணக்கரின் வேலையை, கணினி நிலையம் ஒன்றிடம் கொடுத்துவிடலாம் என்று நம் இல்லங்களிலேயே பேச்சு நடக்கிறது. கொடுப்பது நன்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன்பு அந்தக் கணக்கரை அழைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவரிடம் செய்தியைச் சொல்லி, அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்போமாக. அந்த அரைமணி நேரம் எந்தக் கணக்கிலும் ஏறாது. ஆனால் அதைக் கொடாதவர் கடனாளியே.